விபூதியைத் துடைத்த பிள்ளையும் பூட்டிக் கிடந்த டியூஷன் சென்டரும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவர், இப்போது பெங்களூரில் வேலை, வடசென்னைப் பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறீர்கள். சர்ச் நடத்தும் ஒரு அமைப்பு உங்களுக்குத் தெரியும், சின்ன வயதில் நீங்களே அங்கேதான் டியூஷன் படித்தீர்கள். ஒரு நண்பர் "அவங்களுக்குக் கொடுத்தா மதம் மாத்தத்தான் போகும்" என்கிறார், இன்னொருவர் "என்ஜிஓவுக்குக் கொடுத்தா ஏசி ரூமுக்கும் காருக்கும்தான் போகும்" என்கிறார். இரண்டில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "என் காசை வாங்குகிற பிள்ளை அதற்குப் பதிலாக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்குமா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதை வைத்தே எழுதுகிறேன்.

நான் சமூகப்பணி படித்துவிட்டு 2003இல் வேலைக்கு வந்தவள். முதல் ஏழு வருடம் ஒரு கிறிஸ்தவ அமைப்பில், அப்புறம் ஒன்பது வருடம், கம்பெனிகள் சமூகப்பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் ஓடிய மதச்சார்பற்ற நிறுவனத்தில். இப்போது எந்த அமைப்பிலும் இல்லை, கூப்பிடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பிறப்பால் இந்து, கோயிலுக்குப் போகிறவள். நான் வேலை பார்த்ததெல்லாம் புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, அந்தப் பக்கம் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரைக்கும். பள்ளிவாசல், கோயில் சார்ந்த பணிகளை வெளியிலிருந்து பார்த்ததுதான், உள்ளே இருந்து வேலை செய்ததில்லை. நான் சொல்வதில் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் அமைப்பில் மாலை டியூஷன் சென்டர் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அறுபது பிள்ளைகள், பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள். ஆறு மணிக்கு ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அப்புறம் பாடம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதில் எங்கள் சிஸ்டர் கண்டிப்பானவர், அதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். நாலு மாதம் கழித்து ஒரு நாள் மழைக்கு வாசலில் ஒதுங்கி நின்றபோது பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறும் முன் பாவாடை நுனியால் நெற்றி விபூதியை அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் பின்னாடியே வந்த தம்பியும் அக்காவைப் பார்த்துத் துடைத்துக்கொண்டான். "ஏம்மா துடைக்கிற?" என்று கேட்டால், "சும்மா மிஸ்" என்றாள். யாராவது சொன்னார்களா என்று கேட்டால் இல்லை என்றாள். யாரும் சொல்லவில்லைதான், நான் விசாரித்தும் பார்த்தேன். சுவரில் இருந்த படமும் பாட்டும் எங்கள் முகமும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஏதோ சொல்லியிருக்கிறது. சிஸ்டரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பாட்டும் ஜெபமும் பாடம் முடிந்த பிறகு, ஏழரைக்கு, இருக்கிறவர்கள் இருக்கலாம் என்று மாற்றினார். முக்கால்வாசிப் பிள்ளைகள் இருந்தார்கள், கால்வாசி ஓடிவிட்டது. ஓடினவர்களை மறுநாள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது நிறுவனத்தில் கடவுள் பேச்சே கிடையாது. சுவரில் அப்துல் கலாம் படமும் கை கழுவும் ஏழு படிகளும்தான். பாடமும் நன்றாக நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பதிவேடு. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து ஒரே நிற டீ ஷர்ட் போட்டுக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பூ கொடுக்க வேண்டும், பையைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் "சக்சஸ் ஸ்டோரி" என்று ஒன்று. அதற்கு ஒரு பையனின் அம்மாவிடம், வீட்டுக்காரர் குடிப்பதைப் பற்றி கேமராவுக்கு முன்னால் சொல்லச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அவர் சொன்னார். சொல்லாமல் எப்படி இருப்பார், பையன் அங்கே படிக்கிறான். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி அவர்கள் தெருவுக்கே வந்துவிட்டது. அதற்காக அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு மனசு வராது. மூன்றாவது வருடம் மார்ச்சோடு ப்ராஜெக்ட் முடிந்தது. கம்பெனி அடுத்த மூன்று வருடத்துக்கு வேறு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பதினெட்டுப் பிள்ளைகள் பூட்டின கதவுக்கு முன்னால் வந்து நின்றதாக எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார்.

இதனால்தான் சாமி உண்டா இல்லையா என்பதை வைத்து நான் எந்த அமைப்பையும் எடை போடுவதில்லை. வாங்குகிறவர் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன ஆகும் என்று பார்ப்பேன். ஜெபம் வேண்டாம், போட்டோ வேண்டாம், கதை சொல்ல மாட்டேன், கட்சிக்காரர் வரும்போது வரிசையில் நிற்க மாட்டேன், இதில் எதைச் சொன்னாலும் மறுநாள் அந்தப் பிள்ளைக்கு அதே இடம், அதே முகம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது நல்ல இடம்.

மதம் என்று பொதுவாகப் பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம், வடசென்னையில் அது ஒரே மாதிரியான ஆள் கிடையாது. நூறு வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்திப் பழகிய பெரிய சபைகள் ஒரு பக்கம், வாடகை மாடியில் முப்பது நாற்காலி போட்டு ஒரு பாஸ்டர் நடத்தும் ஜெபவீடு இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் கணக்கு வழக்கிலும் பழக்கத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வியாழக்கிழமை சாய்பாபா கோயில் சாப்பாடு, அறநிலையத்துறைக் கோயில்களில் 2002இல் ஆரம்பித்த மதிய அன்னதானம், ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி, இவையெல்லாம் வருகிறவரின் பெயரைக் கூடக் கேட்காத தர்மம். கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் எல்லா மதமும் இருக்கும். ஜகாத் வேறு கணக்கு, சேமிப்பில் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டிய கடமை, யாருக்குக் கொடுக்கலாம் என்று எட்டு வகை சொல்லப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் அவர்கள் சமூகத்து ஏழைகளுக்கே போகும். சதக்கா என்பது மனமுவந்து கொடுக்கிற தர்மம், அதை யாருக்கும் கொடுக்கலாம். 2015 வெள்ளத்தில் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு எல்லாருக்கும் சமைத்துப் போட்டது அந்த வழியில் வந்ததுதான். வள்ளலார் பெயரில் சோறு போடுகிற சின்னச் சின்னக் குழுக்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்குவதற்கு முன் ஏழுகிணறு பக்கம் குடியிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து போய் வந்தவர், அதனால் நம் ஊர்க்காரர் என்றே இங்கே பேசுவார்கள். அதற்கும் முன்னால் போனால், ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம் பாட்டிகள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள் இல்லையா, அந்தப் பெயர் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்தது. பசிக்குச் சோறு போடுகிற விஷயத்தில் மதமா மதச்சார்பின்மையா என்ற சண்டையே எனக்கு அநாவசியமாகப் படுகிறது.

மதமாற்றம் பற்றி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது சட்டம். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற கல்வி நிறுவனத்தில், மாணவரின் சம்மதம் இல்லாமல், சிறுவயது என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் இல்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு சொல்கிறது. ஒரு தெருவோர டியூஷன் சென்டருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது, அங்கே நடத்துகிறவரின் மனசாட்சிதான் சட்டம். இன்னொன்றும் உறுதி. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்குத்தான் இருந்தது, பிறகு 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரித்தார்கள். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், இங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் சேர்ப்பார்கள். பிள்ளையின் ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் இடம், நாளைக்கு அரசு வேலை எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் இருக்கிறது. அரிசி மூட்டைக்காக அதை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு எங்கள் பகுதி அம்மாக்கள் கணக்குத் தெரியாதவர்கள் கிடையாது.

நான் பார்த்தது வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை ஜெபம், ஆடியில் கூழ், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடை, எல்லாம் ஒரே வீட்டில். ஜெபவீட்டுக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் சொன்ன பதில் பொருளைப் பற்றியதே இல்லை. "அங்க என் பேரச் சொல்லி ஜெபிக்கிறாங்க மிஸ்" என்பார்கள். வீட்டுக்காரர் குடி, பிள்ளைக்கு வலிப்பு, கடன் கொடுத்தவன் வாசலில் வந்து கத்துகிறான், இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க ஒரு இடம். இது அழுத்தமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், ரெண்டும் கலந்துதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். "ஞானஸ்நானம் எடுத்தால் பீஸ் கட்டுவோம்" என்று வெளிப்படையாகப் பேரம் பேசியதை இத்தனை வருடத்தில் இரண்டே இரண்டு இடத்தில் பார்த்தேன். இரண்டும் யாருக்கும் கணக்குக் காட்டாத சின்ன இடங்கள்.

எந்த வேலைக்கு யார் என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. யாரும் தொட மறுக்கிற உடம்பைத் தொட்டுக் கழுவுகிற வேலை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை நாற்பது வயது வரைக்கும் பார்த்துக்கொள்கிற வேலை, கேட்க ஆளில்லாமல் சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வேலை, இதற்கெல்லாம் ப்ராஜெக்ட் காலம் கிடையாது, ரிப்போர்ட்டில் காட்ட முன்னேற்றமும் கிடையாது. ராயபுரத்தில் அன்னை தெரசா சபைச் சகோதரிகளின் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நம்பிக்கை இல்லாத மனிதரும் அப்படி வாழ முடியும், அப்படிச் சிலரைத் தெரியும், ஆனால் ஊதியத்துக்கு ஆள் வைத்து அதை நடத்துகிற அமைப்பு என் கண்ணில் படவில்லை.

அதே சமயம், அடிவாங்கி வந்த பெண்ணை எங்கே அனுப்புவேன் என்று கேட்டால் தயங்காமல் மதச்சார்பற்ற பெண்கள் அமைப்புக்குத்தான் அனுப்புவேன். கோயிலோ சர்ச்சோ ஜமாத்தோ, "பொறுத்துப் போம்மா, பிள்ளைங்க இருக்கு" என்பதுதான் முதல் வார்த்தையாக வரும். கருத்தடை, பதினாறு வயதுக் கல்யாணம், சாதி மாறிக் காதலித்த பிள்ளைகள், திருநங்கைகள், இதிலெல்லாம் மத அமைப்புகளுக்கு நாக்கு எழாது. உரிமை கேட்கிற வேலையும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து வலை, படகு, வீட்டுச்சுவர் எல்லாம் கறுத்துப்போனது நினைவிருக்கும். அரிசி கொடுக்க எல்லாரும் வந்தார்கள், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாருடைய வலை போச்சு, எத்தனை நாள் தொழில் போச்சு என்று வீடு வீடாக எழுதி, மனு போட்டு, அதிகாரியைப் போய்ப் பார்ப்பது வேறு வேலை, அதற்குச் சட்டம் தெரிந்த ஆள் வேண்டும், யாரையும் பகைத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். நிலம், பள்ளி, அனுமதி என்று அரசாங்கத்தோடு நூறு கொடுக்கல் வாங்கல் உள்ள பெரிய மத நிறுவனம் அதற்கு யோசிக்கும்.

கண்மூடித்தனமான உதவியில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2004 சுனாமிக்கு அப்புறம் எர்ணாவூர் பக்கம் சாலையோரம் பழந்துணி குவிந்து கிடந்ததைப் பார்த்தேன், மீனவப் பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்தவர் கட்டிக் கழித்த துணியை அவர்கள் ஏன் கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வழியாகக் கொடுத்தால் சண்டை வராது என்று எங்கள் அமைப்பும் அப்படியே கொடுத்தது. அவர்கள் தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தார்கள், ஆண் இல்லாத வீடு தலைக்கட்டில் வராது, விதவைகள் விட்டுப்போனார்கள். அது தெரிய எங்களுக்குப் பத்து நாள் ஆனது. மிக்ஜாமுக்கு அப்புறம் கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா வீட்டில் பெட்ஷீட்டை அடுக்கி வைத்திருந்தார், கவரில் ஒவ்வொரு அமைப்பின் ஸ்டிக்கரும் அப்படியே இருந்தது, சாமி படம் போட்டது நாலு, கம்பெனி பெயர் போட்டது ஐந்து, கட்சித் தலைவர் படம் ரெண்டு. "பதினொண்ணு இருக்கும்மா, அடுப்புதான் இல்ல" என்றார். அரசு கொடுத்த 6,000 ரூபாயில்தான் அடுப்பு வாங்கினார். கையில் காசாகக் கொடுப்பது எவ்வளவு மரியாதையான உதவி என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

உங்கள் இரண்டாவது நண்பர் கேட்ட ஏசி ரூம் பற்றி. நன்கொடையில் ஒரு பங்கு சம்பளத்துக்கும் வாடகைக்கும் போவது தப்பே இல்லை, டியூஷன் எடுக்கிற பெண்ணுக்கு 6,000 ரூபாய் கொடுத்துவிட்டுத் தியாகம் என்று பெயர் வைப்பதுதான் தப்பு. கம்பெனிப் பணம் வருவது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். அதனால் கணக்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் கம்பெனியின் விருப்பம்தான் திட்டமாகும். வெளிநாட்டுப் பணத்துக்கு 2020இல் விதிகளை இறுக்கினார்கள். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது என்றானது. பெரிய அமைப்புகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் வாங்கித் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த சின்ன அமைப்புகளுக்கு அது பலத்த அடி, மதம் சார்ந்தது, சாராதது இரண்டுமே மூடின. நீங்கள் உள்ளூர்ப் பணம் கொடுக்கிறீர்கள், எந்தக் கயிறும் கட்டாமல் கொடுக்கக்கூடிய பணம் அது. மாதம் 5,000 என்பது சின்ன அமைப்புக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பணம் அனுப்பும் முன் ரசீதில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். 80ஜி என்கிற வரிக்கழிவுச் சான்று குறிப்பிட்ட ஒரு மதத்தவருக்காக மட்டும் நடக்கும் அறக்கட்டளைக்குக் கிடைக்காது, சான்று உள்ள அமைப்பு மதக் காரியத்துக்கு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கவும் கூடாது. அதனால் பல சபைகள் சமூகப்பணிக்கென்று தனியாகச் சங்கம் பதிவு செய்திருக்கும். ரசீது அந்தச் சங்கத்தின் பெயரில் வந்தால் உங்கள் காசு ஆலய மணிக்கோ பெயிண்டுக்கோ போகாது என்பதற்கு ஓரளவு உத்தரவாதம். புதிய வரி முறையில் இருந்தால் உங்களுக்குக் கழிவு கிடைக்காது, இருந்தாலும் சான்றைக் கேளுங்கள். குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், சாமியார் நடத்தினாலும் சரி, சமூக சேவகர் நடத்தினாலும் சரி.

நானாக இருந்தால் 5,000ஐ இப்படிப் பிரிப்பேன். 3,000 உங்கள் பழைய டியூஷன் சென்டருக்கு, நான் சொன்ன "வேண்டாம்" சோதனையில் அது தேறினால். உங்களை உருவாக்கிய இடம், முப்பது வருடமாக அதே தெருவில் இருக்கிறது, அப்படி நின்று நிலைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். மீதி 2,000ஐ யாருடைய பட்டியலிலும் வராத மூன்றாவது வகைக்குக் கொடுப்பேன். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலைகள் நடக்கின்றன, அந்தத் தெருவிலேயே படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் வேலை முடித்து வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டே பையன்களைப் பள்ளியில் தக்க வைக்கிற குழுக்களும் உண்டு. அவர்களில் பலரிடம் ரசீதுப் புத்தகமே இருக்காது, கரும்பலகையும் ட்யூப் லைட்டும்தான் கேட்பார்கள், வாங்கிக் கொடுங்கள். அங்கே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்து வீட்டு அண்ணன். அவரிடம் "வேண்டாம்" சொல்ல எந்தப் பிள்ளையும் பயந்து நான் பார்த்ததில்லை, கத்திச் சண்டை போட்டுவிட்டு மறுநாள் வந்து உட்காரும்.

சென்டருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமல், சாதாரண நாளில், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள். உள்ளே போக வேண்டாம், எதிரில் டீக்கடை இருந்தால் அங்கே நில்லுங்கள், பிள்ளைகள் வாசலில் என்ன செய்துவிட்டு உள்ளே போகிறார்கள் என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதம் போகாதீர்கள், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். ஜூன் கடைசியில் போனால் சரியாக இருக்கும்.